எண்ணும் படமும்



வானொலியில் படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சற்று வேடிக்கையான காரியந்தான். நான் காட்ட நினைக்கும் படத்தை நீங்கள் காண இயலாது. அது விளங்காமல் நீங்கள் நெற்றியைச் சுருக்குவதை நான் காண இயலாது. ஆகவே உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். அருகில் ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் அடிக்கோலும் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். படத்தை நீங்களே வரைந்துவிடலாம். எனக்கும் பாதி வேலை குறையும்.

மலரையோ மயிலையோ நாம் வரையப் போவதில்லை. ஓர் ஊரின் நோயை வரையப் போகிறோம். பொது சுகாதாரத் துறைக்கு நாள்தோறும் எண்கள் வந்து குவிகின்றன. இத்தனை பேருக்குக் காய்ச்சல், இத்தனை குழந்தைகளுக்குத் தடுப்பூசி, இத்தனை பிறப்பு, இத்தனை இறப்பு என்று வரும் அவற்றை வரிசையாக எழுதி வைத்தால் பலசரக்குக் கடையின் பேரேட்டைப் போலத்தான் இருக்கும். பத்துப் பக்கம் படித்தாலும் நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியாது. படமாக்கினால் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். அந்தப் படத்தை இக்காலத்தில் கணிப்பொறியிலுள்ள புள்ளியியல் மென்பொருள் கண்ணிமைப்பதற்குள் வரைந்து தருகிறது. அது வரைந்து தருவதை எந்த அளவுக்கு நம்பலாம்? இதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நம் புதுச்சேரியையே எடுத்துக்கொள்வோம். 1954 நவம்பர் முதல் நாள் பிரெஞ்சு ஆட்சியினின்றும் நம் கைக்கு வந்து, 1962 ஆகஸ்டு 16-ஆம் நாள் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த இந்த ஒன்றியப் பகுதி ஒரே துண்டு நிலமாக இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்க் கரையில் இருக்கின்றன. ஏனாம் ஆந்திரத்தில் கோதாவரிப் பக்கம் இருக்கிறது. மாகி, கேரளத்தின் நடுவே அரபிக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி புதுச்சேரி மாவட்டத்தில் 9,50,289 பேர். காரைக்காலில் 2,00,222 பேர். ஏனாமில் 55,626 பேர். மாகியில் 41,816 பேர். கூட்டினால் 12,47,953. இந்த எண்களைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இப்போது ஒரு காய்ச்சலுக்கு ஓர் ஆண்டில் நோயாளர் கணக்கு வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டு நானே அமைத்துக்கொண்ட எண்கள் இவை. எந்தப் பதிவேட்டிலும் தேட வேண்டாம். புதுச்சேரியில் 475, காரைக்காலில் 120, மாகியில் 42, ஏனாமில் 25. இருபத்தைந்து நோயாளருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்து நான்கு பட்டைகள் வரையுங்கள். புதுச்சேரியின் பட்டை 19 சென்டிமீட்டர் உயர்ந்து தாளின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும். காரைக்காலுக்கு ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மாகிக்கு ஒன்றே முக்கால்கூட இல்லை. ஏனாமுக்கு ஒன்று. மாகியும் ஏனாமும் தரையில் ஒட்டிக் கிடக்கின்றன. நோயெல்லாம் புதுச்சேரியில்தான் இருக்கிறது என்று படம் ஓங்கிச் சொல்கிறது.

நான் புள்ளியியல் படித்தவன். 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்குக்குப் பின் சில காலம், சுகாதாரப் புள்ளிவிவரம் தொகுக்கும் ஓர் அலுவலகத்தில் பணியாற்றினேன். இப்படிப்பட்ட ஒரு படத்தை அங்கே வரைந்து, நல்ல நீல நிறம் பூசி, ஒரு கூட்டத்தில் திரையில் காட்டினேன். மருந்தும் ஆய்வுக்கூடப் பொருள்களும் எவ்வூருக்கு எவ்வளவு என்று முடிவு செய்யும் கூட்டம் அது. படம் அழகாக இருப்பதாக இரண்டொருவர் சொன்னார்கள். எனக்கும் உச்சி குளிர்ந்தது. கடைசி வரிசையில், மாகியிலிருந்து வந்திருந்த மூத்த செவிலியர் ஒருவர் எழுந்தார். மலையாள வாசனை வீசும் தமிழில், "சார், எங்கள் ஊரில் நோயே இல்லை என்று படம் சொல்லுகிறதே, அப்படியானால் என் வார்டில் படுத்துக் கிடப்பவர்கள் யார்?" என்று கேட்டார். "இருக்கிறது சிஸ்டர், ஆனால் குறைவு" என்றேன். "எதைவிடக் குறைவு சார்? எங்கள் ஊரே குறைவுதானே?" என்றார்.

அவர் கேட்டதற்கு எனக்கு அப்போது விடை சொல்ல வாயெழவில்லை. பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று ஐந்தாம் வகுப்பிலேயே கற்றோம். நான் தொகுதியை மட்டும் வரைந்துவிட்டுப் பகுதியை மறந்திருந்தேன். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். நோயாளர் எண்ணை மக்கள்தொகையால் வகுத்து இலட்சத்தால் பெருக்குங்கள். புதுச்சேரிக்கு இலட்சத்துக்கு 50, காரைக்காலுக்கு 60, ஏனாமுக்கு 45, மாகிக்கு 100 என வரும். பத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வைத்து மறுபடி வரைந்தால் தரையில் கிடந்த மாகி பத்து சென்டிமீட்டர் எழுந்து நிற்கிறது. தாளை அடைத்திருந்த புதுச்சேரி ஐந்துக்கு இறங்கிவிடுகிறது. எண்கள் மாறவில்லை. இரண்டு படங்களும் பொய்யல்ல. எத்தனை படுக்கை வேண்டும் என்று கேட்பவருக்கு முதற் படம் விடை தரும். எவ்வூரில் வாழ்பவருக்கு ஆபத்து மிகுதி என்று கேட்பவருக்கு இரண்டாவது படமே விடை தரும். நான் இரண்டாவது கேள்விக்கு முதற் படத்தைக் காட்டிவிட்டேன். மென்பொருள் என்னைத் தடுக்கவில்லை. எந்த நெடுவரிசையைக் கொடுத்தேனோ அதை வரைந்தது.

கெட்டிக்கார மாணவர் எவராவது இங்கே என்னை மறித்து, "ஐயா, மாகியில் 42 பேர்தானே? அது தற்செயலாகக் கூடியிருக்கலாமே?" என்று கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். சிறிய ஊரின் எண் காற்றில் ஆடும் தீபம் போன்றது. ஏனாமில் ஓராண்டு ஐந்து பேருக்கும் மறு ஆண்டு பத்துப் பேருக்கும் ஒரு நோய் வந்தால், இரு மடங்கு பெருகிவிட்டது என்று செய்தித்தாளில் கொட்டை எழுத்தில் போடலாம். உண்மையில் அது வெறும் தற்செயலாக இருக்கலாம். இதற்காகவே புள்ளியியலார் பட்டையின் தலையில் மீசைபோல ஒரு சிறு கோட்டை வைப்பார்கள். தற்செயலுக்கு எவ்வளவு இடம் என்பதை அக்கோடு காட்டும். நம் கணக்கில் மாகியின் வீதம் ஏறத்தாழ 70 முதல் 135 வரை எங்கும் இருக்கலாம். புதுச்சேரியின் வீதமோ 46 முதல் 55 வரைதான். மாகியின் கோடு நீளமானது, ஆனால் அதன் கீழ்நுனிகூடப் புதுச்சேரிக் கோட்டின் மேல்நுனிக்கு மேலேயே நிற்கிறது. ஆகவே அந்த அம்மையாரின் பக்கமே நியாயம். கோட்டைப் போட வேண்டுமென்று சொன்னால் எந்தப் புள்ளியியல் மென்பொருளும் போட்டுவிடும். சொல்லாவிட்டால் போடாது.

பகுதியைப் போட்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது என்றும் எண்ண வேண்டாம். புதுச்சேரிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. நம் நகரத்து மருத்துவமனைகளின் வெளிநோயாளர் வரிசையில் காலையில் நின்று பாருங்கள். விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் விடியற்காலைப் பேருந்தில் வந்தவர்கள் எத்தனை பேர்! பிரசவத்துக்கும் அப்படியே வருகிறார்கள். பிறப்பு நடந்த இடத்தில்தான் பதிவாகும். மேலே உள்ள தொகுதியில் அயலூராரும் சேர்ந்திருக்க, கீழே உள்ள பகுதியில் நம்மூரார் மட்டும் இருந்தால், அந்த வீதம் எவ்வூரின் வீதம்? நோயாளியின் முகவரியைப் பார்த்துப் பிரிக்காமல் படம் வரைந்தால், புதுச்சேரி நோயின் தலைநகரம்போலத் தோன்றும். விழுப்புரத்துச் சிற்றூர்கள் நோயற்ற வாழ்வு வாழ்வதுபோலத் தோன்றும். இங்கே இழப்பு அந்தச் சிற்றூர்களுக்குத்தான்.

இனி நான் சொல்லப்போவது என் வீட்டோடும் தொடர்புடையது. என் பாட்டியாருக்கு வலக்கால் யானைக்கால். சேலையின் கீழ்க்கரையை எப்போதும் தரை தொட இழுத்துவிட்டுக்கொள்வார். எங்கள் வீட்டுப் பழைய நிழற்படங்களில் அவர் நாற்காலியில் அமர்ந்திருப்பார். முன்னால் யாராவது ஒரு குழந்தை நிறுத்தப்பட்டிருக்கும். அந்தக் குழந்தை கால்களை மறைக்க நிற்கிறது என்பதை நான் வளர்ந்த பிறகே உணர்ந்தேன். அந்நாளைய புதுச்சேரியில் இத்தகைய பாட்டிமார் பலர்.

யானைக்கால் நோயை உண்டாக்குவது உச்சரேரியா பான்கிராஃப்டி என்னும் நூல்போன்ற புழு. அதை ஆளிடமிருந்து ஆளுக்குக் கொண்டுசெல்வது கியூலெக்ஸ் வகைக் கொசு. சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் பெருகும் அந்தக் கொசுவுக்கு நம் நகரத்தின் திறந்த வாய்க்கால்கள் நல்ல தொட்டிலாக இருந்தன. புழுவின் குஞ்சுகளான நுண்புழுக்கள் பகலில் இரத்தத்தில் வெளிப்படுவது அரிது. கொசு கடிக்கும் இரவு வேளையில்தான் தோலருகே உலவ வரும். எனவே சோதனைக்கு வருபவர்கள் இரவு பத்து மணிக்குமேல் கதவைத் தட்டி, தூங்குகிறவர்களை எழுப்பி, விரல் நுனியில் குத்தி ஒரு துளி எடுப்பார்கள். குழந்தைகள் வீறிட்டு அழும். தெருவே விழித்துக்கொள்ளும். புள்ளிவிவரம் என்று நாம் சொல்லுகிற ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் இப்படி ஒரு கதவு தட்டப்பட்டிருக்கிறது.

1975-ஆம் ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் புதுச்சேரியில் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தை நிறுவியது. பி. கே. ராஜகோபாலன் அவர்கள் அதன் இயக்குநராக இருந்த காலத்தில், 1981 முதல் 1985 வரை ஐந்தாண்டுகள், இந்நகரில் ஒரு பெரிய சோதனை முயற்சி நடந்தது. மருந்து தெளித்துக் கொசுவைக் கொல்வதை மட்டும் நம்பாமல், கொசு பிறக்கும் இடத்தையே இல்லாமற் செய்வது அதன் உயிர்க்கருத்து. வாய்க்கால்களைச் சீர்செய்தார்கள், தேங்கிய நீரை வடித்தார்கள், மக்களையும் இவ்வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். கொசு வெகுவாகக் குறைந்தது. நோய்த்தொற்றைச் சுமந்த கொசுவின் கடியும் குறைந்தது.

ஐந்தாண்டு உழைத்தபின் படம் போட வேண்டும். தாளைத் திருப்புங்கள். கிடையாக ஆண்டுகளையும் நெடுக்காக, சோதித்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் இரத்தத்தில் நுண்புழு இருந்தது என்பதையும் வைத்துக்கொள்ளுங்கள். கோடு எப்படிப் போகும்? சரசரவென்று இறங்கும் என்று எதிர்பார்ப்பீர்கள். இறங்காது, சோம்பேறிபோல மெல்லச் சரியும். காரணம், உடம்புக்குள் குடியேறிய தாய்ப்புழு ஐந்து முதல் பத்து ஆண்டுவரை உயிர்வாழ வல்லது. 1980-இல் புழுவைப் பெற்ற ஒருவரின் இரத்தத்தில், அவரை அதன்பின் ஒரு கொசுகூடக் கடிக்காவிட்டாலும், 1985-இலும் நுண்புழு இருக்கலாம். இந்தக் கோட்டை மட்டும் பார்க்கும் நிதி அதிகாரி, "இவ்வளவு செலவழித்தும் பெரிய பலன் ஒன்றும் காணோமே!" என்று கோப்பை மூடிவிடக்கூடும்.

இன்னொரு படம் வரைவோம். கிடையாக இம்முறை ஆண்டு வேண்டாம், வயதை வையுங்கள். இடப்புறம் கைக்குழந்தை, வலப்புறம் கிழவர். பொதுவாக இந்நோயின் வயதுக்கோடு இடப்புறத்தில் தாழ்வாகத் தொடங்கும். பள்ளி வயதில் ஏறும். இளைஞர் வயதில் உச்சிக்கு வரும். பிறகு ஏறக்குறைய அப்படியே நிற்கும், அல்லது சற்றுச் சரியும். கட்டுப்பாட்டுக்கு முந்திய கோட்டை ஒரு நிறத்திலும், பிந்திய கோட்டை வேறு நிறத்திலும் போடுங்கள். வலப்புறத்தில் இரண்டு கோடுகளும் அண்டை வீட்டார்போல அருகருகே போகும். இடப்புறத்தில்தான் பிரிவு தெரியும். குழந்தைகளின் பக்கத்தில் புதிய கோடு தரையை நோக்கித் தாழ்ந்துவிட்டது. அவர்கள் பிறந்து வளர்ந்த ஆண்டுகளில் கொசு குறைந்திருந்தது. பழைய புழுவும் அவர்களிடம் இல்லை. புதுச்சேரி ஆய்வில் குழந்தைகளிடம் கண்ட இந்தக் குறைவே, நோய் பரவுவது தளர்ந்துவிட்டது என்பதற்குத் தெளிவான சான்றாயிற்று. மொத்த எண்ணில் மூழ்கிக் கிடந்த செய்தியை வயதாகப் பிரித்தவுடன் கண் கண்டுகொண்டது.

இன்று யானைக்கால் நோய் ஒழிந்ததா என்று அறிய உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறையிலும் ஆறு ஏழு வயதுக் குழந்தைகளைத்தான் சோதிக்கிறார்கள். நம் அண்டை நாடான இலங்கை இந்நோயைப் பொது சுகாதாரச் சிக்கல் என்னும் நிலையினின்றும் அகற்றிவிட்டதாக 2016-இல் சான்று பெற்றது. புதுச்சேரியில் ஆண்டாண்டாகத் தொகுத்த இரத்தச் சோதனைக் கணக்குகளும் வீணாகவில்லை. நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகர ஆராய்ச்சியாளரும், பிரேசிலின் ரெசிஃபே நகரத்தாரும், நம் மையத்தாரும் கூடி, நோய் எவ்வாறு பரவும், எப்போது மடியும் என்று கணிப்பொறிக்குள் நடத்திப் பார்க்கும் லிம்ஃபாசிம் என்ற நிரலை 1998-இல் வெளியிட்டார்கள்.

படம் வரையும் மென்பொருளைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். புள்ளிவிவரத்தைப் படமாக்கும் கலை நாம் நினைப்பது போல அவ்வளவு பழமையானதன்று. பட்டைப்படத்தையும் கோட்டுப்படத்தையும் அச்சில் வழங்கியவர் வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர், ஆண்டு 1786. நோய்க்கு அதைத் திறம்படப் பயன்படுத்தியவர்களுள் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் முன்னிற்கிறார். விளக்கேந்திய மங்கை என்றுதான் பாடப்புத்தகம் நமக்குச் சொல்லிக்கொடுத்தது. அவர் கையில் அடிக்கோலும் இருந்தது. 1858-இல் அவர் வெளியிட்ட படங்களில், பாசறையில் வாழும் படைவீரர் இறக்கும் வீதத்தை அதே வயதுடைய இங்கிலாந்துப் பொதுமக்களின் வீதத்தோடு சேர்த்து வைத்துக் காட்டினார். அதே வயது என்ற சொல்லைக் கவனியுங்கள். மாகிச் செவிலியர் கேட்ட கேள்வியும், நம் யானைக்கால் படத்தின் கருத்தும் அந்த ஒரு தாளில் அடங்கியிருந்தன.

இன்று மாணவர்க்கு எளிதில் கிடைக்கும் மென்பொருள்களில் 'ஆர்' என்னும் ஓரெழுத்துப் பெயருடையதை நான் விரும்புவேன். நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மன் என்னும் இருவர் 1990-களின் தொடக்கத்தில் அதை ஆக்கினார்கள். 1995 முதல் அது யாவரும் விலையின்றிப் பெற்றுப் பயன்படுத்தும் பொதுச்சொத்தாக இருக்கிறது. அதற்குள் படம் வரையும் பகுதியாக ஹாட்லி விக்கம் என்பவர் 2007-இல் ஜிஜிபிளாட்2 என்பதைச் சேர்த்தார். லீலண்ட் வில்கின்சன் என்ற அறிஞர் 1999-இல் எழுதிய வரைபட இலக்கணமே அதன் அடிப்படை. படத்துக்கு இலக்கணமா என்று வியக்க வேண்டாம். எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்று செய்யுளை உறுப்புகளாகப் பிரித்துக் கற்ற நமக்கு இது புதிதல்ல. தரவு ஓர் உறுப்பு. எந்த நெடுவரிசை கிடையச்சுக்கு, எது நெட்டச்சுக்கு, எது நிறத்துக்கு என்பது ஓர் உறுப்பு. புள்ளியா, கோடா, பட்டையா என்பது ஓர் உறுப்பு. அளவுகோல் ஓர் உறுப்பு. "வயதைக் கிடையாக வை, வீதத்தை நெடுக்காக வை, ஆண்டுக்கு ஒரு நிறம் கொடு, கோட்டால் இணை" என்று நான்கைந்து வரிகளில் கட்டளை எழுதினால் நம் யானைக்கால் படம் பிறந்துவிடும். "ஊருக்கு ஒரு கட்டமாகப் பிரி" என்று இன்னொரு வரி சேர்த்தால் நான்கு ஊருக்கும் நான்கு சிறு படங்கள் ஒரே அளவுகோலில் வரிசையாக நிற்கும். ஊருக்கு ஊர் அளவுகோலை மாற்றிக்கொள்ளவும் ஒரு கட்டளை உண்டு. அதைத் தொடுமுன் இருமுறை யோசியுங்கள்.

எழுதிய கட்டளைகள் ஒரு கோப்பில் அப்படியே இருக்கும். அடுத்த மாதம் புதிய எண் வந்தால் மறுபடி ஓட்டினால் போதும். அதைவிடப் பெரிய நன்மை, என் தவற்றைப் பிறர் வரி வரியாகப் படித்துக் கண்டுபிடிக்கலாம். சுட்டியால் அங்கே இங்கே தட்டி வரைந்த படத்தில் எவ்விடத்தில் பிழை நேர்ந்ததென்று வரைந்தவருக்கே தெரியாது.

பிழை எங்கெல்லாம் ஒளிந்திருக்கும் என்பதற்கு என் அனுபவம் ஒன்று. ஒருமுறை வயதுவாரியாக ஒரு படம் போட்டேன். கோடு ஒழுங்காக ஏறிக்கொண்டே போய், வலக்கோடியில் திடீரென்று பாதாளத்தில் விழுந்தது. முதியவர்களுக்கு நோயே வருவதில்லை என்று புதிய உண்மை கண்டவன்போல அரை நாள் மகிழ்ந்திருந்தேன். பிறகு கிடையச்சைப் படித்தேன். '0-4' முதலில் இருந்தது, அடுத்து '10-14', அதன்பின் பதினைந்து, இருபது என்று போய், எல்லாவற்றுக்கும் கடைசியில் '5-9' நின்றுகொண்டிருந்தது. வயதை எண்ணாகக் கருதாமல் எழுத்தாகக் கருதிய மென்பொருள், அகராதி வரிசையில் ஒன்றுக்குப் பின் ஐந்தை வைத்துவிட்டது. கோடியில் விழுந்தவர்கள் கிழவர்கள் அல்லர். ஐந்து வயதுப் பிள்ளைகள்! எக்செல் போன்ற அட்டவணை மென்பொருள் இன்னும் ஒரு படி மேலே போகும். '5-9' என்று தட்டினால் அதை ஒரு தேதியாக்கி நாட்காட்டியில் சேர்த்துவிடும்.

சிரிப்புக்கு இடமில்லாத பிழையும் உண்டு. 2020 செப்டம்பர் இறுதியில் இங்கிலாந்தில், பழைய வகை அட்டவணைக் கோப்பில் வரிசைகளுக்கு இருந்த எல்லையைத் தாண்டி எண்கள் வந்ததால், 15,841 கொரோனா நோயாளரின் பதிவு கணக்கிலிருந்து சத்தமின்றி விடுபட்டது. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலையும் அதனால் தாமதமாயிற்று. அந்த நாட்களின் வரைபடம் பார்ப்பதற்கு ஆறுதலாகத்தான் இருந்திருக்கும்.

விடுபட்ட எண் பூச்சியம் அன்று. ஒரு சுகாதார நிலையத்திலிருந்து அறிக்கை வரவில்லையென்றால் அந்தக் கட்டம் காலியாக இருக்க வேண்டும். 'ஆர்' மென்பொருளில் அதற்குத் தனிக் குறியீடே உண்டு. அவசரக்காரர் அதில் பூச்சியத்தை நிரப்பிவிடுகிறார். அறிக்கை அனுப்பாத ஊர் ஆரோக்கியமான ஊராகிவிடுகிறது. டெங்குவுக்கு வாரந்தோறும் பட்டை போடுகிறவர்களும் இதைக் கருத வேண்டும். கடைசி வாரத்தின் பட்டை அநேகமாக எப்போதும் குட்டையாகவே இருக்கும். நோய் தணிந்ததனால் அன்று. அந்த வாரத்து அறிக்கைகள் பல இன்னும் வழியில் இருப்பதனால். அப்பட்டையை வெளிறிய நிறத்தில் போட்டு, 'இன்னும் முழுமை பெறாதது' என்று அருகே எழுதிவிட வேண்டும்.

பட்டையின் அடி பூச்சியத்தில் இருக்க வேண்டும் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். தடுப்பூசி ஓரூரில் நூற்றுக்கு 91, மற்றோரூரில் 93 என்றால் வேற்றுமை அற்பம். அச்சை 90-இலிருந்து தொடங்கினால் ஒன்று மற்றதைப்போல மும்மடங்கு உயர்ந்து தோன்றும். சிவப்பும் பச்சையும் அருகருகே வேண்டாம். அவ்விரண்டையும் பிரித்தறிய இயலாத கண் உடையவர்கள் எந்தக் கூட்டத்திலும் சிலர் இருப்பார்கள்.

உங்களுக்கு வெளியே தேட வேண்டியதில்லை; பள்ளியிலேயே தரவு இருக்கிறது. ஒரு மாதத்து வருகைப் பதிவேட்டை ஆசிரியரின் இசைவோடு வாங்கி, காய்ச்சலால் வராதவர்களை வகுப்புவாரியாக எண்ணுங்கள். பெயர்களை எழுதிக்கொள்ள வேண்டாம், எண் போதும். வகுப்பில் எத்தனை பேர் என்பதையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள். முதலில் கையால் வரைந்து பாருங்கள். பிறகு கணிப்பொறிக்குக் கட்டளை கொடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கணிப்பொறியை உடனே நம்பிவிடாதீர்கள்.

மாகியின் அம்மையாரைப் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அந்தக் கூட்டத்துக்குப் பின் படத்தைத் திருத்தி வரைந்தேன். முன்பு முடிவு செய்த பங்கீட்டையும் மாற்றினார்கள். அடுத்த மாதம் அவருடைய அறிக்கை தபாலில் வந்தது. வழக்கமான படிவந்தான். நோயாளர் எண்ணை எழுதும் சிறிய கட்டத்தில், எண்ணுக்கு அடியில் அடிக்கோல் வைத்து ஒரு கோடு இழுத்து, அதன்கீழே நீல மையில் 41,816 என்று எழுதியிருந்தார்.